ஒலிவாங்கியும் பேரேடும்

2024-ஆம் வருஷத்துத் தீபாவளியன்று "அமரன்" என்னும் படம் வெளியாயிற்று. அதற்கு மறு வாரத்திலே எங்கள் தோட்டத்து வாலிபர் பதினொருவர் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, பனி மூடிய மலைச்சாலையில் இறங்கி, ஈப்போ சென்று, அப்படத்தைக் கண்டு களித்து, விடியற்காலை மூன்று மணிக்குப் பிரிஞ்சாங் திரும்பினார்கள். ஆறு மணிக்குப் பெரட்டு. பதினொருவரும் வந்து நின்றார்கள். ஒருவனேனும் நோய் என்று சொல்லி விடுப்புக் கேட்கவில்லை. பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணியாகிய நான் அதைக் கண்டு உண்மையாகவே மகிழ்ந்தேன். நாள் முழுதும் சரிவிலே நின்று கொழுந்தெடுக்கிற உடம்பு ஓர் இரவு சந்தோஷத்தைத் தேடிப் போவதைக் குற்றம் சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. படமும் கண்ணியமான படமே.

ஆனால் அன்று மாலை அவர்களிடம் வேறொரு கேள்வி கேட்டேன். அதே வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி "கொட்டுக்காளி" என்றொரு படம் வெளியாயிற்றே, அதைப் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை. அதற்கு முதல் போட்டவர் யாரென்று தெரியுமா? தெரியாது. நீங்கள் நூறு மைல் போய் வந்து பார்த்தீர்களே, அந்தச் சிவகார்த்திகேயன்தான் என்றேன். சற்று நேரம் மௌனம். பிறகு ஒருவன் சொன்னான்: "அதிலே அண்ணன் நடிக்கலியே, கிராணி ஐயா!"

இவ்வொரு வாக்கியமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அவ்வாலிபன் மீது எனக்குக் கோபம் இல்லை. நூறு வருஷமாக நாம் அவனுக்குக் கற்பித்ததைத்தான் அவன் திருப்பிச் சொன்னான். முகம் எங்கே தெரிகிறதோ அங்கே கைதட்டு; முதல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேளாதே. இதுவே நாம் தோட்டத்திலும் நகரத்திலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அரிச்சுவடி.

தோழர்களே! இம்மனிதரின் வரலாற்றைச் சற்று உள்ளபடி எடுத்து நோக்குவோம். 1985-இல் சிவகங்கைச் சீமையிலே சிங்கம்புணரியில் பிறந்தவர். தகப்பனார் சிறைத்துறை அதிகாரி. கல்லூரிப் பருவத்திலேயே தகப்பனாரை இழந்தவர். திருச்சியிலே பொறியியல் படித்தவர். படிக்கும்போதே பலகுரல் செய்து கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் திறமை இருந்தது. விஜய் தொலைக்காட்சியில் "கலக்கப்போவது யாரு" என்னும் போட்டியிலே ஏறி வென்றார். அத்தொலைக்காட்சி 2001-ஆம் வருஷம் முதல் ஸ்டார் நிறுவனத்தின் கையில் இருந்தது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். பின்னர் அங்கேயே தொகுப்பாளரானார். "அது இது எது" என்ற நிகழ்ச்சியின் மூலம் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் முன்னறைக்குள்ளும் அவர் குரல் நுழைந்தது. ஆஸ்ட்ரோ என்னும் வட்டத்தட்டு எங்கள் லயன் வீட்டுக் கூரைகளில் முளைத்தபின், பிரிஞ்சாங் குளிரிலே போர்வைக்குள் இருந்தபடியே நாங்களும் அதைக் கேட்டுச் சிரித்தோம். 2012-இல் "மெரினா" அவரைத் திரைக்கு எடுத்துவந்தது. மறு வருஷத்தில் "எதிர்நீச்சல்" வந்தது. அதற்குப் பிறகு அவர் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இதுவரை எல்லோரும் அறிந்த சங்கதி. இதற்கு நம்மவர் சொல்லும் காரணமோ மிக விசித்திரமானது. "அவன் ஜாதகம் அப்படி" என்பார் ஒருவர். "தலையெழுத்து" என்பார் இன்னொருவர். நகரத்துக் கனவான் ஒருவர், வக்கீல் உத்தியோகம் பார்ப்பவர், என்னிடமே சொன்னார்: "பலகுரல்காரனுக்கு வந்த பவிசைப் பார்த்தீரா? எல்லாம் குரு பார்வை." ஆங்கிலம் படித்து, சட்டம் படித்து, பிறர் வழக்கிலே சாட்சியம் எங்கே என்று முழங்குகிற ஒருவர், சக மனிதனொருவன் பல வருஷம் மேடையிலே நின்று உழைத்ததற்குச் சாட்சியம் தேடாமல் வியாழன் கிரகத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்! ஐந்து வருஷம் வாரந்தவறாமல் பிறரைச் சிரிக்கவைப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை அவர் அறியார். ஒரு கல்யாண வீட்டிலே ஐந்து நிமிஷம் பேசச் சொன்னால் அவருக்கு நா வறண்டுவிடும். அதை நான் நேரிலே கண்டவன்.

ஜாதகக்காரரை விட்டுத்தள்ளுவோம். என்னுடைய வழக்கு வேறு. அவருடைய வாழ்விலே மெய்யாகவே கவனிக்கத்தக்க திருப்பம் 2012-இல் நிகழவில்லை, 2018-இல்தான் நிகழ்ந்தது என்று நான் சொல்லுகிறேன். அந்த வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி "கனா" வெளிவந்தது. தம் பெயரால் ஒரு பட நிறுவனம் அமைத்து, தம் கல்லூரித் தோழராகிய அருண்ராஜா காமராஜை இயக்குநராக்கி, ஐசுவர்யா ராஜேஷ் என்னும் நடிகையைக் கதாநாயகியாக்கி, கடனில் நொடிந்துபோகும் ஒரு விவசாயியின் மகள் கிரிக்கெட் ஆடப்போகிற கதைக்கு அவர் முதல் போட்டார். அக்காலத்தில்தான், மறைந்துபோகும் நெல் வகைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நோயுற்றுச் சென்னையிலே கிடந்தார். அவருடைய மருத்துவச் செலவையும் மகனுடைய படிப்பையும் இந்த நடிகர் ஏற்றுக்கொண்டதாகப் பத்திரிகைகள் யாவும் எழுதின. ஜெயராமன் டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். விவசாயியின் கதை பதினைந்து நாள் கழித்துத் திரைக்கு வந்தது.

இதற்கு இரண்டு வருஷம் முன்னே, 2016-இல், "ரெமோ" படத்தின் வெற்றிக் கூட்டத்திலே இதே மனிதர் பலர் முன்னிலையில் கண்ணீர் விட்டார். எங்களை வேலை செய்ய விடுங்கள் என்று மன்றாடுமளவுக்கு அவர் நிலைமை இருந்தது. நேயர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும். ஊர் ஊராகக் கட்டவுட்டு வைத்துப் பாலூற்றப்பட்ட ஒரு நட்சத்திரம் வேலை செய்ய அனுமதி கேட்டு அழவேண்டுமாயின், அந்த நட்சத்திர ஜொலிப்பின் பொருள் என்ன? பிறருடைய பேரேட்டிலே ஒரு வரியாக இருக்கிறவன் எவ்வளவு பெரிய எழுத்திலே எழுதப்பட்டாலும் வரிதான், பேரேடு அவனுடையதன்று. அந்தக் கண்ணீருக்கும் 2018-க்கும் தொடர்பு உண்டென்று அவர் எங்கேனும் சொன்னாரோ, இல்லையோ, கணக்கெழுதிப் பிழைக்கிறவன் கண்ணுக்கு அத்தொடர்பு தெரியாமற் போகாது.

தேயிலைக்காரர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? கொழுந்து பறிக்கிறவளுக்கு நிறுவைக்குத் தக்கபடி கூலி. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போகவேண்டும். கூடையிலே இராத் தங்கினால் வெந்து கருகிக் குப்பையாகிவிடும். ஆலையிலே அதை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திச் சலித்த பின்தான் அதற்கு விலை. நாலரை, ஐந்து கிலோ பச்சைக்கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். அந்தத் தூள் வருஷக்கணக்கிலே பெட்டியில் இருந்தாலும் கெடுவதில்லை. கப்பலேறிப் போகும், அழகான டப்பாவிலே அடைபட்டுத் திரும்பிவரும், பறித்தவளே அதைக் கடையிலே காசு கொடுத்து வாங்குவாள். தொகுப்பாளருடைய குரலும் பச்சைக்கொழுந்துதான். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி. இன்றைய சிரிப்பு நாளைக்கு வாடிவிடும். தொண்டை கட்டினாலும், வயது ஏறினாலும், நிலையத்தார் முகம் சுளித்தாலும் அடுத்த வாரம் வேறொரு குரல் அதே இடத்திலே நிற்கும். அக்குரலைப் பதிந்து, நிகழ்ச்சியாக்கி, மறுபடி மறுபடி ஒளிபரப்பி, தேசந்தேசமாக விற்கிற ஆலை வேறொருவருடையது. இலங்கை வானொலியிலே பிறந்து சன் தொலைக்காட்சியிலே வளர்ந்த "பாட்டுக்குப் பாட்டு" நிகழ்ச்சியை நம் தாய்மார் இன்றும் பேசிப் பேசி உருகுகிறார்கள். அப்துல் ஹமீது அவர்களுடைய குரலை உருகிக் கேட்டவர்களிலே எத்தனை பேர் அந்நிகழ்ச்சியின் உடைமை யாருடையது என்று ஒருநாளாவது கேட்டிருப்பார்கள்? நான் கேட்டதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவிலே இதைச் சீக்கிரமே கண்டுகொண்ட ஒரு பெண்மணி உண்டு. மிசிசிப்பி மாகாணத்திலே 1954-இல் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த ஓப்ரா வின்பிரி, சிக்காகோ நகரத்துக் காலை நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து அளித்தார். 1986-இல் அவர் நிகழ்ச்சி தேசம் முழுவதும் பரவியது. அந்தக் காலத்திலேயே தம் பெயரைத் திருப்பிப்போட்டு "ஹார்ப்போ" என்று ஒரு நிறுவனம் தொடங்கி, 1988-க்குள் தம் நிகழ்ச்சியின் உடைமையையே தம் கைக்குக் கொண்டுவந்துவிட்டார். பேசியது ஒரு வாய்தான், ஆனால் பேச்சும் அவருடையது, பெட்டியும் அவருடையது. அவர் சொன்ன ஆன்மிகச் சமாசாரங்களிலே எனக்குப் பாதிகூடச் சம்மதமில்லை. கணக்கிலே அவர் பிழை செய்யவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். நம்மிலே உணர்ச்சியுள்ள தொழிற்சங்கத் தோழர்கள் கேட்பார்கள்: "படமுதலாளி ஆனவனும் முதலாளிதானே? கொழுந்து பறிக்கிற நாம் எதற்காக ஆலை வைத்தவனைப் புகழவேண்டும்?" நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. முதல் போட்ட எல்லோரையும் நான் புகழவில்லை. அவர் முதல் போட்டவற்றிலேயே "டாக்டர்", "டான்" முதலியன வெறும் வியாபாரப் படங்கள். கூட்டாளிகளோடு சேர்ந்து எடுத்தவை, கூட்டம் வந்தது, பணம் வந்தது, அவ்வளவே. அவற்றிலே நான் நீதியைத் தேடவில்லை. மளிகைக் கடையிலே போய் யாரும் திருக்குறள் தேடுவதில்லை.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதே என் கேள்வி. 2019-இல் "நெஞ்சமுண்டு நேர்மையுண்டு ஓடு ராஜா" என்ற படத்திலே தம்மைப் போலவே ஒலிவாங்கி பிடித்து வளர்ந்த ரியோ ராஜ் என்பவரைக் கதாநாயகனாக்கினார். 2021-இல் "வாழ்". 2024 மே மாதத்தில் "குரங்கு பெடல்": கிராமத்துச் சிறுவன் ஒருவன் வாடகைச் சைக்கிளிலே ஓட்டப் பழகுகிற கதை. அதிலே நட்சத்திரம் இல்லை, சண்டை இல்லை, வெளிநாட்டிலே போய் ஆடும் பாட்டு இல்லை. அதற்கு மூன்று மாதம் கழித்துக் "கொட்டுக்காளி".

இந்தக் "கொட்டுக்காளி"யைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேசவேண்டும். இதை இயக்கிய பி. எஸ். வினோத்ராஜ், முன்னரே "கூழாங்கல்" என்னும் படத்தால் 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பெற்றவர். ஒரு பெண் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவனை விரும்பினாள். வீட்டார் என்ன செய்தார்கள்? அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள்! முறைமாமனும் உறவினரும் ஒரு வண்டியிலே அவளை ஏற்றிக்கொண்டு, சேவல் ஒன்றையும் கட்டி எடுத்துக்கொண்டு, பேயோட்டுகிற சாமியாரிடம் போகிறார்கள். வழி நெடுக அந்தப் பெண் பேசுவதில்லை. அவளுடைய மௌனத்தைக் கண்டு ஆண்மக்கள் அஞ்சி நடுங்குகிறார்கள். பின்னணி இசை கிடையாது. காற்றும், வண்டியும், சேவலும், மனிதரின் கூச்சலும்தான் இசை. மலையாள நடிகை அன்னா பென்னும், நகைச்சுவை நடிகராக இருந்த சூரியும் நடித்தார்கள். 2024 பிப்ரவரியில் பெர்லின் உலகத் திரைப்பட விழாவிலே அது முதன்முதலாகக் காட்டப்பட்டது.

தோழர்களே, இந்தக் கதை நமக்கு அந்நியமா? நம் லயன்களிலே இது நடந்ததில்லையா? ஐந்து தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தபோது வயலையும் வரப்பையும் அங்கேயே விட்டுவந்த நம் பாட்டன்மார், சாதியை மட்டும் தகரப்பெட்டியிலே பத்திரமாகப் பூட்டிக்கொண்டு வந்தார்களே! வேற்றுச் சாதிப் பையனோடு பேசிய பெண்ணுக்கு வேப்பிலை அடித்ததை என் சிறுவயதிலே நானே கண்டிருக்கிறேன். அந்தப் பெண் இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். அன்று முதல் அவள் அதிகம் பேசுவதே இல்லை. அவளுடைய கதையைத்தான் மதுரைப் பக்கத்து மண்ணிலே நின்று ஒருவர் எடுத்தார். அதற்கு இன்னொருவர், கூட்டத்தைச் சிரிக்கவைத்துச் சேர்த்த காசைப் போட்டார். அதைத்தான் நாம் "அண்ணன் நடிக்கவில்லை" என்று தள்ளினோம்.

அவருக்கும் நம் குணம் தெரியாமலில்லை. "கனா"விலே அவரே நெல்சன் திலீப்குமார் என்ற பயிற்சியாளராகத் தோன்றினார். விஜய் தொலைக்காட்சிக் காலத்துத் தோழருடைய பெயரையே அந்தப் பாத்திரத்துக்கு வைத்தார் என்பது ஒரு வேடிக்கை. அந்தத் தோழர்தான் பிறகு "டாக்டர்" படத்தை இயக்கினவர். முகத்தைக் கொஞ்சம் காட்டினால்தான் நாம் விவசாயியின் மகளைப் பார்க்க வருவோம் என்று அவர் கணித்தார், கணிப்புச் சரி. "கொட்டுக்காளி"யிலே அந்தச் சர்க்கரையைத் தடவவில்லை. மருந்தைச் சர்க்கரை இல்லாமல் கொடுத்தால் குடிக்கமாட்டோம் என்று நாம் நிரூபித்தோம்.

ஆகவே முதலாளியைப் புகழ்வதற்காக நான் எழுதவில்லை. முதலுக்கு ஒரு கடமை உண்டு. அக்கடமையைச் சிறிதளவாவது செய்த ஒருவரை, அவர் செய்தபோது கைவிட்டுவிட்டு, அவர் துப்பாக்கி பிடித்து நிற்கும்போது மட்டும் வேன் பிடித்துப் போகிற நம் பழக்கத்தைத்தான் கண்டிக்கிறேன்.

முதலிலே ஓர் அபாயமும் உண்டு. அதையும் மறைத்தல் தகாது. இந்தியத் தலைநகரிலே பிரணாய் ராய் என்பவர் 1984-இல் தம் மனைவி ராதிகாவோடு ஒரு நிறுவனம் தொடங்கினார். 1988 முதல் தூர்தர்ஷனில் "தி வேர்ல்ட் திஸ் வீக்" என்ற வாராந்தர நிகழ்ச்சியைத் தயாரித்துத் தாமே தொகுத்து அளித்தார். தேர்தல் முடிவுகளை அவர் வாயால் கேட்பதற்காக ஜனங்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். 2003-இல் என்.டி.டி.வி. தன் சொந்தச் செய்தி அலைவரிசைகளைத் தொடங்கிற்று. குரல் ஆலையாயிற்று. ஆனால் 2009-இல் ஒரு கடன் வாங்கினார்கள். நானூறு கோடி ரூபாய்க்கு மேல். வட்டி கிடையாது! வட்டியில்லாக் கடன் என்றால் எந்தக் கிராணியும் முதலிலே பத்திரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பான். அதிலே, கடன் கொடுத்த நிறுவனம் நினைத்தபோது கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்ற ஷரத்து இருந்தது. பதின்மூன்று வருஷம் அந்த ஷரத்து உறங்கிற்று. 2022 ஆகஸ்டிலே அதானி குழுமம் கடன் கொடுத்த அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, ஷரத்தை எழுப்பி, என்.டி.டி.வி.யின் பங்குகளிலே நூற்றுக்கு இருபத்தொன்பது பங்கைத் தன் வசமாக்கிற்று. அவ்வருஷ முடிவுக்குள் பெரும்பான்மையும் போயிற்று. டிசம்பர் 30-ஆம் தேதி ராய் தம்பதிகள் தாங்கள் தொடங்கிய நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார்கள்.

நம் பாட்டன்மார் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறினவர்கள். முன்பணம் என்பது எப்படிப்பட்ட விலங்கு என்று நமக்கு எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. தில்லி மாளிகையிலே இருந்தாலும், தேயிலை லயத்திலே இருந்தாலும், பத்திரத்தின் பின்பக்கத்தைப் படியாதவனுக்கு ஒரே கதிதான்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். மலாயாவிலே தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கிற்று. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. வானவில் என்று நமக்கொரு அலைவரிசையும் வந்தது. அன்று முதல் நம் இளைஞருக்கும் யுவதிகளுக்கும் ஒலிவாங்கி பிடிக்கிற வாய்ப்பு ஏராளமாகப் பெருகிற்று. எத்தனை இனிய குரல்கள்! ஆனால் அவர்களைப் பற்றி நாம் நடத்துகிற சம்பாஷணை எல்லாம் இரண்டே வகை. ஒன்று, யார் அணிந்த சேலை அழகு. மற்றொன்று, சர்க்கார் நமக்கு நேரம் ஒதுக்கவில்லை, நிலையத்தார் நமக்கு இடம் கொடுக்கவில்லை என்ற ஒப்பாரி. ஒப்பாரியிலே உண்மை இல்லாமலில்லை. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த "ஜகாட்" படத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் புறம்போக்குக் குடிசையிலே வந்து விழுந்த குடும்பம், அதிலே கெட்டிக்காரச் சிறுவன் அப்போய், அவனை இழுக்கும் குண்டர் கூட்டம். நம் இரத்தமும் கண்ணீருமான கதை. மறு வருஷம் மலேசியத் திரைப்பட விழாவிலே, மலாய் மொழியில் இல்லாத படம் என்று அதைத் தனிப்பந்தியிலே உட்காரவைத்தார்கள். மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலரும் கண்டித்தார்கள். மொழிப் பிரிவு கைவிடப்பட்டது. "ஜகாட்" சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. அதற்குப் பத்து வருஷம் முன்னே, 2005-இல், தீபக் குமரன் மேனன் "செம்மண் சாலை"யிலே ரப்பர்த் தோட்டத்து வாழ்வைப் படமாக்கினார். அந்தப் படத்தின் பெயரையே எங்கள் தோட்டத்திலே கேள்விப்பட்டவர் மூவர். அந்த மூவரில் ஒருவன் பள்ளிக்கூடத்து ஆசிரியர், இன்னொருவன் நான். மூன்றாமவனைப் பற்றி இப்போது சொல்லப்போகிறேன்.

இவ்வளவு தூரம் பிறரைக் கண்டித்து எழுதிய கை, தன் குற்றத்தையும் எழுதியாகவேண்டும். 2019-இல் எங்கள் கோயில் திருவிழாக் கமிட்டிக்கு நான் பொருளாளர். திருவிழாவின் கடைசி இரவு ஆடல் பாடல் நிகழ்ச்சி. அதை நடத்திக்கொடுக்க நகரத்திலிருந்து தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரை வரவழைப்பது என்று தீர்மானம். அதே கூட்டத்துக்கு ஒரு விண்ணப்பமும் வந்திருந்தது. எழுதியவன் எங்கள் ஆலையிலே தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்த வாலிபன், இருபத்திரண்டு வயது. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்திலே பழைய காமிரா ஒன்று வாங்கியிருந்தான். மேல்பிரிவிலே இருந்த பழைய லயங்களை இடிக்கப்போகிறார்கள், இடிப்பதற்கு முன்னே அவற்றையும், அங்கேயே பிறந்து நாற்பது வருஷம் கொழுந்து பறித்த தன் பாட்டியையும் வைத்து அரைமணி நேரப் படம் ஒன்று எடுக்கவேண்டும், ஆயிரத்தைந்நூறு வெள்ளி உதவினால் போதும் என்று கேட்டிருந்தான்.

நான் ஆங்கிலப் பள்ளியிலே படித்தவன். தமிழை வீட்டிலே, வயது வந்தபின், ஒரு வைராக்கியத்தோடு கற்றவன். அப்படிக் கற்றவனுக்கு உள்ள கர்வம் எனக்கு உண்டு. அந்த விண்ணப்பத்திலே ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்தன. சிவப்பு மையினால் அவற்றையெல்லாம் திருத்தி, "கமிட்டியில் நிதி இல்லை" என்று கீழே எழுதி, அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் வாங்கிப் பார்த்து, "சரிங்க ஐயா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

நிதி இல்லை என்பது பொய். பேரேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. "இசைக்குழு, 4,000 வெள்ளி. தொகுப்பாளர் சன்மானம், 2,500 வெள்ளி. தொகுப்பாளர் தங்கும் விடுதி, 280 வெள்ளி. பொன்னாடை, 60 வெள்ளி." எல்லாம் என் கையெழுத்து. அந்தத் தொகுப்பாளர் நல்லவர்தான், நன்றாகவே பேசினார். எங்கள் தோட்டத்தின் பெயரை மட்டும் மூன்று தரம் தப்பாகச் சொன்னார். மூன்று தரமும் நாங்கள் கைதட்டினோம்.

2020-இல் பெருந்தொற்று வந்தது. மறு வருஷம் அந்தக் கிழவி இறந்தாள். மலைப்பாதை அடைபட்டிருந்த காலம். அடக்கத்துக்கு எங்களில் பத்துப் பேர்கூடப் போக முடியவில்லை. அதே வருஷக் கடைசியிலே லயங்களை இடித்தார்கள். அந்த வாலிபன் ஜோகூர் பக்கம் போய், தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரிலே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். காமிராவை விற்றுவிட்டான் என்று கேள்வி. மேல்பிரிவு லயத்துக்கு இப்போது மிஞ்சியிருக்கும் சாட்சி, சம்பளப் பட்டியலிலே என் முன்னோர் கிராணிகள் எழுதிவைத்த பெயர்களும் நாட்கூலிகளுமே. கிழவியின் பெயரைக்கூட ஒவ்வொரு கிராணியும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறான்.

ஜனங்களுக்குப் படம் எடுக்கத் தெரியாது, எடுக்க எவரும் இல்லை என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குச் சுருக்கென்கிறது. இருந்தான். பணமும் இருந்தது. நடுவிலே ஒரு கிராணி சிவப்பு மையோடு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு சங்கத்திலும், நகரத்து ஒவ்வொரு சபையிலும் அப்படி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இதை வாசிக்கிறவர்களிலே அவர்கள் பலர் உண்டு என்பதையும் நான் அறிவேன். நீங்கள் சென்ற வருஷம் தள்ளுபடி செய்த விண்ணப்பத்தை ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

"ஆயிரத்தைந்நூறு வெள்ளிப் படத்தை யார் பார்ப்பார்கள்? நஷ்டம்தானே?" என்பார் நம் கமிட்டித் தலைவர். நஷ்டம்தான். ஆனால் ஆடல் பாடலிலே எங்களுக்கு லாபம் எவ்வளவு வந்தது? பேரேட்டைப் பார்த்துச் சொல்லுகிறேன்: மறுநாள் காலை குப்பை அள்ள இரண்டு ஆள் கூலி, 120 வெள்ளி, அதுவும் செலவுப் பக்கத்தில்.

வருகிற மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். மூன்றாயிரம் வெள்ளியை ஒதுக்கி, தோட்டத்து வாலிபரோ யுவதியோ யார் விண்ணப்பித்தாலும், ஒற்றுப்பிழை பாராமல், நம் வாழ்வைப் படமாக்கக் கொடுப்பது என்று ஒரு தீர்மானம் எழுதிவைத்திருக்கிறேன். எடுக்கிற படத்தின் உடைமை எடுத்தவருக்கே. கமிட்டிக்கு அதிலே பங்கு கிடையாது என்றும் ஒரு ஷரத்துச் சேர்த்திருக்கிறேன். வழிமொழிய ஆள் கிடைத்துவிட்டான்: வேன் பிடித்து ஈப்போ போன பதினொருவரிலே ஒருவன், "அண்ணன் நடிக்கலியே" என்று சொன்ன அதே வாலிபன். "கொட்டுக்காளி"யை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்தபின் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் சின்னம்மாவைப் பற்றி ஒரு கதை சொன்னான். அது அவன் சொல்லவேண்டிய கதை, நான் எழுதமாட்டேன். தீர்மானத்தை எதிர்க்கப்போகிறவர்கள் இன்னின்னார் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களும் இவ்வாரம் இப்பத்திரிகையை வாங்கிப் படிக்கிறவர்களே.